நடுக்காய்

ஃபிராங்க்ளின், டாஸ்மேனியா
18 செப்டம்பர் 2016

குவெண்டா,

'அன்புள்ள' என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. அந்தச் சொல்லை அப்புறம் பார்த்துக்கொள்வோம். சௌக்கியமா? உன் மகள், மாப்பிள்ளை எல்லோரும் சௌக்கியமா?

உன் அண்ணன் அப்படியேதான் இருக்கிறார். வலது கை இன்னும் எழும்பவில்லை. காலையில் ஓட்ஸ் கஞ்சி, பிறகு ஜன்னலோர நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் ஆற்றோரத்து ஃபியூஜி ஆப்பிள் மரங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். டிவியில் ஃபுட்பால் போட்டால்கூடத் தலை திரும்பாது. அத்தனை மரத்தையும் மெர்வின் தன் கையால் ஒட்டுக் கட்டி நட்டது உனக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போன பிறகு வந்த வசந்தத்தில் காயைக் குறைக்க எனக்குப் பயமாக இருந்தது. நீ பிஞ்சை அளந்து இவ்வளவு நிற்கும், இவ்வளவு உதிரும் என்று சொல்வாய். அவர் அதைக் கேட்டு உதிர்ப்பு மருந்து அடிப்பார். நான் ஸ்கோன் சுட்டு எடுத்துக்கொண்டு வருவேன். இருபது வருஷம் அப்படித்தான் ஓடியது. அவர் பக்கவாதத்தில் விழுந்தார், நீ போனாய், ஸ்கோன் சுடத் தெரிந்தவள் மட்டும் மிச்சம். அதனால் மருந்தே அடிக்காமல் விட்டுவிட்டேன். கொத்துக்கு ஐந்து காயும் நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அறுவடைக்குப் போனால் எல்லாம் எலுமிச்சம்பழ அளவு. பேக்கிங் ஷெட்டில் உள்ளேயே விடவில்லை. மொத்தமும் ஜூஸுக்குப் போயிற்று.

பிரெண்டன் இப்போது செர்ரி, செர்ரி என்று அதே பேச்சாக இருக்கிறான். என் மகனைக் குறை சொல்ல மாட்டேன், முழுத் தோட்டத்தையும் ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமக்கிறான். போன வாரம் உட்கார வைத்துச் சொன்னான். "அம்மா, இந்த ஒரு வருஷம் பாக்கலாம். ஆத்தோரத்து ஃபியூஜி ஒழுங்கா காய்ச்சா அப்படியே விட்டுடறேன். இல்லேன்னா ஜூலைக் குளிர்ல பிடுங்கிட்டு செர்ரி வச்சிடறேன்." நான் சரி என்றேன். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மரங்களைப் பிடுங்கினால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற மனுஷன் அப்புறம் எதைப் பார்ப்பார்?

ஆகையால் பிஞ்சை எப்படி அளப்பது என்று எழுது. உன் புது நம்பர் பிரெண்டனிடம் இருக்கிறது. 'உங்கள் குரலை இனி நான் கேட்கவே மாட்டேன்' என்று கடைசியாக ஃபோனில் சொல்லிவிட்டு வைத்தவள் நீ. கேட்க மாட்டேன் என்றவளிடம் போய்க் குரல் கொடுக்க எனக்கும் மனசு வரவில்லை.

நோலா


மாஞ்சிமப், மேற்கு ஆஸ்திரேலியா
29 செப்டம்பர் 2016

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

பிஞ்சு சுண்டுவிரல் நகம் அளவு வந்ததும் சில மரங்களில் சில கொத்துகளுக்கு நாடா கட்டி அடையாளம் வையுங்கள். காயைக் காலிபரால் கவ்வி அளந்து எழுதுங்கள். நாலைந்து நாள் விட்டு மறுபடி அளங்கள். வேகமாக வளர்ந்தது நிற்கும். தேங்கியது தானாக உதிரும். தானாக உதிர்ந்தது போகவும் நிறைய நிற்கும் என்று தெரிந்தால் மட்டும் மருந்து. அவ்வளவுதான்.

காலிபர் ஷெட்டில் மேல்தட்டில் இருக்கும். நீங்கள் தூக்கி எறியாமல் இருந்தால்.

அண்ணன் ஒட்டுக் கட்டிய மரங்கள் என்று எனக்கே நினைவூட்டியதற்கு நன்றி. பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஒட்டுக்கும் டேப் சுற்றியது யார் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். சொல்ல முடிந்தால் சொல்வார்.

குவெண்டா


ஃபிராங்க்ளின்
20 அக்டோபர் 2016

குவெண்டா,

'சொல்ல முடிந்தால் சொல்வார்' என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதிய கை நன்றாக இருக்கட்டும்.

அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வருகிறது. அது என்னவென்று உனக்கே தெரியும். விழுந்த நாளிலிருந்து 'குவென்னி'. தண்ணீர் வேண்டுமென்றால் குவென்னி. முதுகு வலித்தால் குவென்னி. கோழி படியேறி உள்ளே வந்தால் அதற்கும் குவென்னி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், "அவர் தங்கச்சியைக் கூப்பிடலீங்க, அந்த ஒரு வார்த்தை மட்டும் நாக்குல ஒட்டிக்கிச்சு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போகிறாள். புத்திக்குப் புரிகிறது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள், குளிப்பாட்டித் துடைத்து உட்கார வைக்கிறவள் நான், அவர் என் முகத்தை நேராகப் பார்த்துக் 'குவென்னி' என்கிறபோது மனசுக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பேன்?

அன்றைக்கு அடுப்படியில் நான் உன்னிடம் சொன்னது இதனால்தான். "நீ இந்த வீட்ல இருக்கிற வரைக்கும் அவர் வாயில என் பேரு வராது, போயிடு" என்றேன். நீயும் போய்விட்டாய். என் பெயர் இன்னும் வரவில்லை.

சரி, பூவுக்கு வருகிறேன். இந்த வருஷம் பூ சொட்டை சொட்டையாக இருக்கிறது. ஒரு கிளையில் அடர்த்தி, பக்கத்துக் கிளையில் வெறும் இலை. போன வருஷம் அளவுக்கு மீறிக் காய்த்த அலுப்பு. பூத்த இடத்தில் மட்டும் நன்றாகப் பூத்திருக்கிறது. தேனீப் பெட்டிகள் வந்துவிட்டன. மெர்வின் ஜன்னலை விட்டு நகர்வதே இல்லை.

காலிபர் நீ வைத்த இடத்திலேயே இருந்தது. உன் பொருளை எறிகிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

நோலா


மாஞ்சிமப்
2 நவம்பர் 2016

அண்ணி,

உங்கள் கடிதத்தை மகளிடம் காட்டவில்லை. மூன்று நாளாகக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

அவர் என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அதனால்தான் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த என் குடிலிலிருந்து ஓடி ஓடி வந்தேன். நீங்கள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டபோது, அண்ணன் கூப்பிடுகிறார், இவள் யார் தடுக்க என்று எனக்கு ஆங்காரம் வந்தது. கோழிக்கும் அதே பெயர்தான் என்று ஒரு தடவையாவது எனக்குச் சொல்லியிருக்கலாம், அண்ணி. எனக்குக் கேட்டதெல்லாம் என் பெயர் மட்டும்தான். சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், பிறகு சிரித்திருப்பேன், போயிருக்க மாட்டேன்.

இங்கேயும் ஆப்பிள் தோட்டங்கள்தான். மாப்பிள்ளை வேலை பார்க்கிற தோட்டத்தில் பிஞ்சு பிடித்துவிட்டது. வேலியோரம் போய்ப் பார்ப்பேன். யாரும் என்னை அளக்கச் சொல்வதில்லை. நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எழுபதை எட்டப்போகிற ஒரு கிழவி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான்.

பூ குறைந்த வருஷத்தில் மருந்தில் கை வைக்கும்போது யோசித்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், சொல்கிறேன்.

குவெண்டா


ஃபிராங்க்ளின்
16 நவம்பர் 2016

குவெண்டா,

உன் கடிதத்தைப் படித்தேன். அதற்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். எழுதுவேன். இப்போது அளந்த கதையைச் சொல்கிறேன், கேள். சொல்ல வேறு ஆள் இல்லை.

கொத்துகளுக்கு நாடா கட்டினேன். பிரெண்டனின் பழைய சட்டையைக் கிழித்துக் கட்டியதால் தோட்டம் முழுக்கக் கட்டம் போட்ட துணி பறக்கிறது. முதல் நாள் காலிபரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். அப்புறம் பழகிவிட்டது. கொத்துக்கு நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிற காயில் காலிபர் சுலபமாக உட்காருகிறது. கைக்கும் வசதி. நேற்றோடு இரண்டாவது அளவும் முடிந்தது. என்ன சொல்வேன் போ, ஒன்றுகூடத் தேங்கவில்லை! அத்தனையும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்திருக்கிறது. அப்படியென்றால் எல்லாமே நிற்கப்போகிறது. போன வருஷத்துக் கதையேதான், மறுபடியும் எலுமிச்சம்பழம்.

அதனால் சனிக்கிழமை மருந்து அடிக்கப்போகிறேன். முழு அளவுக்கு. ஒரு வாரமாக வானம் மூடியே கிடக்கிறது, ராத்திரியிலும் புழுங்குகிறது, போர்வை பொறுக்கவில்லை. காற்றே இல்லை, அதனால் மருந்து வேறெங்கும் பறக்காது. அடிக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

பிரெண்டன் மட்டும், "அத்தையை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்றான். கடிதம் போய் வருவதற்குள் காய் பருத்துவிடும், அப்புறம் மருந்து கேட்காது என்றேன். அவன் உன் எண்ணை எடுத்து ஃபோனை என் கையில் நீட்டினான். நான் வாங்கவில்லை. நானே அளந்திருக்கிறேன், நானே கணித்திருக்கிறேன், அதற்கும் உன்னிடம் கையேந்த வேண்டுமா என்று தோன்றியது. கோபித்துக்கொள்ளாதே. வெகுநாளைக்குப் பிறகு ஒரு வேலையை உருப்படியாகச் செய்திருக்கிறேன் என்று சந்தோஷமாக இருக்கிறது. மெர்வினிடம் சொன்னேன். பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு இடது கையால் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

நோலா


மாஞ்சிமப்
25 நவம்பர் 2016

அண்ணி,

கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. அடித்துவிட்டீர்களா? அடிக்காமல் இருந்தால் அடிக்க வேண்டாம். மழை வந்தது, ஸ்பிரேயர் கெட்டது, ஏதோ ஒரு காரணத்தால் தள்ளிப்போயிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

நடுக்காயை மட்டும் அளந்திருக்கிறீர்கள். கொத்தில் இருக்கிற ஐந்தையும் அளக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பேனாவால் எண் போட்டு, அதே காயைத்தான் இரண்டாவது முறையும் அளக்க வேண்டும். நடுக்காய் எப்போதும் முந்தும். மூத்த பிள்ளை மாதிரி, சோற்றை முதலில் அதுதான் வாரிக்கொள்ளும். சுற்றியிருக்கிற நாலில் எத்தனை தேங்குகிறது என்று பார்க்கத்தான் அளப்பதே. நடுக்காயை மட்டும் அளந்தால் எந்த மரமும் எல்லாம் நிற்கும் என்றுதான் சொல்லும்.

வானம் மூடி ராத்திரி புழுங்கினால் மரத்துக்கு வெயில் சாப்பாடு இல்லை, செலவு மட்டும் உண்டு. அப்போது அதுவே பசியில் காயை உதிர்க்கும். அந்த நேரத்தில் மருந்தும் சேர்ந்தால் எதுவும் மிஞ்சாது.

உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு ஃபோனை எடுத்தேன். உங்கள் எண் எனக்கு மனப்பாடம். கடைசி எண் வரைக்கும் அழுத்தினேன். சனிக்கிழமை போய் நாளாகிவிட்டதே, இனிப் பேசி என்ன என்று வைத்துவிட்டேன். பொய் சொல்வானேன், நீங்கள் எடுத்தால் முதல் வார்த்தையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதுதான் வைத்தேன்.

இதை அவசரத் தபாலில் போடுகிறேன்.

குவெண்டா


ஃபிராங்க்ளின்
11 டிசம்பர் 2016

குவெண்டா,

சனிக்கிழமையே அடித்துவிட்டேன். ஸ்பிரேயர் கெடவில்லை. அந்தச் சனியன் பிடித்த வண்டி வேண்டாத நாளிலெல்லாம் நிற்கும், அன்றைக்கு மட்டும் தேர் மாதிரி ஓடியது.

முதலில் கொத்தைச் சுற்றியிருந்த சின்னக் காய்கள் உதிர்ந்தன. அடடா, வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். வானம் வெளுக்கவே இல்லை. உன் அவசரக் கடிதம் வந்த அன்று, படித்துவிட்டு அப்படியே மரத்தடிக்கு ஓடினேன். நடுக்காய்களின் காம்பெல்லாம் மஞ்சளாக இருந்தது. ஒன்றை விரலால் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. பக்கத்து மரத்தில் தொட்டேன், அதுவும் வந்தது. அப்புறம் தொடுவதற்கே பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன். காலுக்கு அடியில் எங்கே பார்த்தாலும் பிஞ்சு. எங்கேயாவது ஒன்றிரண்டு கிளை நுனியில் நிற்கிறது, அவ்வளவுதான். கட்டிய நாடாக்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

பிரெண்டன் வந்து பார்த்தான். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நீ முதல் கடிதத்தில் காயை அளக்கச் சொல்லி எழுதினாய். 'எல்லாக் காயையும்' என்று எழுதவில்லை. ஏன் எழுதவில்லை, குவெண்டா? சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நோலா


மாஞ்சிமப்
2 ஜனவரி 2017

அண்ணி,

பத்து நாளாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று மகள் வீட்டில் எல்லோரும் செர்ரி தின்றார்கள். எனக்கு இறங்கவில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன் எனச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது பொய். எழுதும்போதே அந்த வரி மனசுக்கு வந்தது. எண் போடுவது, ஐந்தையும் அளப்பது, மூடிய வானத்தில் மருந்தைத் தொடக் கூடாது என்பது, எல்லாமே வந்தது. 'கேட்கட்டும், இன்னொரு தடவை கேட்கட்டும், கேட்டால் சொல்லலாம்' என்று பேனாவை மூடினேன். என்னைப் போகச் சொன்ன வாய் என்னிடம் இரண்டு தடவையாவது கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டாவது கடிதத்தில் மனசு இளகியும்கூட, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றுதான் எழுதினேனே தவிர, நானாகச் சொல்லவில்லை. தெரியாத ஆளுக்கு எதில் சந்தேகம் வரும்? அது எனக்குத் தெரியாதா?

அண்ணன் மரம் என்று நீங்கள் அழுகிறீர்கள். என் மரமும்தான். என் வீம்பால் என் மரத்தையே நான் மொட்டையடித்துவிட்டேன்.

இனி மரத்தைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை. ஒரு கணிப்பும் சொல்ல மாட்டேன். யாருக்கும். உங்களுக்கு இது தண்டனையாகத் தெரிந்தால், அப்படி இல்லை. எனக்கு நானே கொடுத்துக்கொண்டது.

மெர்வின் அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

குவெண்டா


ஃபிராங்க்ளின்
1 ஜூலை 2017

அன்புள்ள குவெண்டா,

ஆறு மாதம் எழுதவில்லை. உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்துக் கோபம் வந்தது. கோபம் போன பிறகு வெட்கம் வந்தது. நான் ஃபோனை வாங்காதவள், நீ பேனாவை மூடியவள். இதில் யார் பெரியவள் என்று அளக்க எந்தக் காலிபரும் இல்லை. அதற்குள் அறுவடையும் வந்துவிட்டது.

அறுவடை என்று சொல்வதே கேலிக்கூத்து. முழுத் தோட்டத்தையும் நான் ஒருத்தியே ஒரு காலையில் பறித்து முடித்தேன். நின்ற கொஞ்சம் காயும் பூதம் மாதிரி பருத்துவிட்டது. ஒரு மரத்துச் சாப்பாட்டை நாலு காய் தின்றால் வேறென்ன ஆகும்? தோலுக்கு அடியில் பழுப்புப் புள்ளி, கடித்தால் தக்கை. பேக்கிங் ஷெட்காரர் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நானே பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் நல்ல பக்கமாகப் பார்த்து ஒரு துண்டு நறுக்கி மெர்வினுக்கு ஊட்டினேன். மென்றார். துப்பவும் இல்லை, இன்னொன்று கேட்கவும் இல்லை.

பிரெண்டன் சொன்ன சொல் மாறவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வாக்குக் கொடுத்தவள் நான். பத்தாம் தேதி, திங்கட்கிழமை, மெஷின் வருகிறது. செர்ரிக் கன்றுகளுக்குச் சொல்லிவைத்தாயிற்று.

உனக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது என்று எழுதுகிறேன். அது உன் மரமும்தான் என்று நீ எழுதியிருந்தாய். நியாயம்தான்.

நோலா


ஃபிராங்க்ளின்
16 ஜூலை 2017

அன்புள்ள குவெண்டா,

திங்கட்கிழமை நீ ஃபோனில் பேசியது முழுக்க எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இருக்காதே. இரண்டு வருஷத்துக்குப் பிறகு உன் குரல். வணக்கம்கூடச் சொல்லாமல், மூச்சு வாங்க, "அண்ணி, பிடுங்காதீங்க. காய் இல்லாம நின்ன மரம், இந்த வசந்தத்துல பூத்துக் கொட்டும். நான் வர்றேன், நானே அளக்கறேன், பிரெண்டன்கிட்ட சொல்லுங்க" என்றாய். பதிலுக்கு நான் ரிசீவரை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தேன். மெஷின் சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். அதனால்தான் நீ வைத்துவிட்டாய் என்று நினைக்கிறேன். என் கடிதம் அன்றைக்குக் காலையில்தான் உன் கைக்கு வந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் நெஞ்சை அறுக்கும். ஏப்ரல் மாதத்திலிருந்து பிரெண்டன் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான். "அத்தை ஏதாவது எழுதினாங்களா? அடுத்த வருஷத்தைப் பத்தி என்ன சொல்றாங்க?" வாய் திறக்கப்போவதில்லை என்று நீ எழுதியிருந்தாயே, அதனால் அத்தை ஒன்றும் சொல்லவில்லை என்றேன். நிச்சயம் பூக்குமடா என்று நான் சொன்னதற்கு, "போன வருஷமும் நிச்சயம்னுதானேம்மா சொன்னீங்க" என்றான். உன் வார்த்தை என்றால் கேட்டிருப்பான். உன் வார்த்தைக்குத்தான் காத்திருந்தான். உன்னிடம் கேள் என்று அவனுக்கும் சொல்லவில்லை, நானும் உன்னைக் கேட்கவில்லை.

மெஷின் வந்ததும் மெர்வினின் நாற்காலியை அடுப்பு பக்கம் திருப்பினேன். இடது காலால் தரையை உந்தி உந்தி அவரே மறுபடி ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேருமாகக் கடைசி மரம் வரைக்கும் பார்த்தோம். 

செர்ரிக்கு இப்படியெல்லாம் அளக்க வேண்டியதில்லையாம். அதனால் உன்னைக் கூப்பிட எனக்கு இனி ஒரு சாக்கும் இல்லை. சாக்கு இல்லாமலே கூப்பிடுகிறேன். வருகிறாயா? உன் குடிலைப் பெருக்கி வைத்திருக்கிறேன். அவரைத் தூக்கி உட்கார வைக்க எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. வந்தால் ஃபோன் செய். எடுப்பேன், பேசுவேன்.

பிடுங்கிய மரங்கள் ஆற்றோரத்தில் குவிந்து கிடக்கின்றன. ஈரம் காய்ந்ததும் கொளுத்துவார்கள். நேற்றுப் போய் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தேன். குளிர்காலத்தில் நீ செய்வாயே, அதுபோல அடுப்படி மேசையில் வைத்துக் கத்தியால் மொட்டைப் பிளந்து, மெர்வினின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உள்ளே குட்டிக் குட்டியாகப் பூக்கள். நடுவில் ஒன்று, சுற்றி நாலு. இன்னொரு மொட்டைப் பிளந்தேன், அதிலும் பூ. அந்தக் கிளை முழுவதையும் பிளந்து பார்த்துவிட்டேன், குவெண்டா. ஒரு மொட்டுகூட வெறும் இலை இல்லை. நீ சொன்னது சரி. இதை உனக்குச் சொல்லாமல் விட்டால் உனக்கு நிம்மதியாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நாம் இரண்டு பேரும் சொல்லாமல் விட்டுத்தான் இவ்வளவும் போயிற்று. அதனால் சொல்லிவிட்டேன்.

நோலா